பெயர் ஒன்று, ஆள் வேறு: கம்பெனிப் பதிவு, காப்புரிமைப் பதிவு பற்றிக் கேள்வி பதில்

கோவையில் ஒரு கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆவணம் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. "இந்தப் பதிவில் இருப்பவரும் அந்தப் பதிவில் இருப்பவரும் ஒரே ஆளா?" என்ற கேள்வி வராத வாரம் கிடையாது. நீங்கள் அனுப்பிய கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். உதாரணத்துக்கு வரும் பெயர்கள் ஊரெல்லாம் இருக்கிற பெயர்கள், யாரையும் குறிப்பவை அல்ல.

திருப்பூர், பனியன் தொழில்: அக்கா, எங்களோடு கூட்டுச் சேர ஒருவர் வந்திருக்கிறார். பெயர் எஸ். செந்தில்குமார். மூன்று கம்பெனியில் இயக்குநராக இருக்கிறேன் என்கிறார். தேடினால் பக்கம் பக்கமாக அதே பெயர் வருகிறது. இதில் எது அவர்?

பெயரை வைத்துத் தேடினால் விடியாது தம்பி. அவரிடமே டின் எண்ணைக் கேளுங்கள். இயக்குநர் அடையாள எண், எட்டு இலக்கம். ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒன்றுதான். இரண்டாவது எண் வைத்திருப்பதை 2013 கம்பெனிகள் சட்டத்தின் 155ஆம் பிரிவு தடுக்கிறது. இது ரகசியமும் இல்லை. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துக்குக் கீழேயே இருக்கும்.

அடுத்து, அந்த மூன்று கம்பெனிகளின் சிஐஎன் எண்ணை, அதாவது கம்பெனி அடையாள எண்ணை, வாங்குங்கள். 21 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது, யூ என்றால் இல்லாதது. அப்புறம் தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கம். அதன் பின் வரும் இரண்டு எழுத்து டிஎன் என்றால் சென்னைப் பதிவாளர், டிஇசட் என்றால் கோவைப் பதிவாளர். அதை ஒட்டி வரும் நாலு இலக்கம் பதிவான ஆண்டு. "பதினைந்து வருடமாக நடத்துகிறோம்" என்று சொல்பவரின் கம்பெனி எண்ணில் 2022 என்று இருந்தால், பார்ட்னர்ஷிப்பாக இருந்து மாற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் ஒரு கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். அதில் இயக்குநர் நியமனத்துக்கான டிஐஆர்-12 படிவத்தைத் திறந்து, கூடவே இணைத்திருக்கும் டிஐஆர்-2 சம்மதக் கடிதத்தைப் பாருங்கள். அப்பா பெயர், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கும். அவர் சொன்ன விவரத்தை அதோடு பொருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு கைகுலுக்கினால் போதும்.

மதுரை, ஆசிரியை: பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்து, ஊரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது டீச்சர். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இடத்தில்தான் நம் ஊர் ஆவணங்கள் அதிகமாகத் தவறுகின்றன.

முதலில் எழுத்து. சண்முகம், சிவசாமி, சுப்பிரமணியன், செல்வராஜ், சோமசுந்தரம் ஆகிய ஐந்து அப்பாக்களின் மகன்களுக்குத் தமிழில் ஐந்து தனித்தனி இனிஷியல்: ச., சி., சு., செ., சோ. ஆங்கிலப் பதிவில் ஐவருமே எஸ். ஆகிவிடுகிறார்கள். மறுபக்கம், தங்கவேல் மகனும் தண்டபாணி மகனும் தமிழில் த.தான், ஆங்கிலத்தில் ஒருவர் டி (T), இன்னொருவர் வேறு டி (D). ஆக, தமிழ்ப் பத்திரத்தையும் ஆங்கிலப் படிவத்தையும் இனிஷியலை வைத்து இணைக்கவே முடியாது. அப்பா பெயர் முழுதாக வேண்டும்.

அதுவும் சில நேரம் போதாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கந்தசாமி மகன் முருகன், அதாவது க. முருகன். அவர் மகனுக்குத் தாத்தா பெயர், மு. கந்தசாமி. அவர் மகன் மறுபடியும் க. முருகன். பெயர், இனிஷியல், அப்பா பெயர், கதவு எண், குடும்பத் தொழில் எல்லாம் ஒன்று. ஆள் மட்டும் வேறு.

2009இல் நானே இதில் தவறினேன். ஒரு பவுண்டரிக்காரருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அவரைப் பற்றி விசாரித்துத் தரச் சொன்னார்கள். பழைய பார்ட்னர்ஷிப் ஒன்றின் பாக்கி வழக்கில் அதே பெயர், அதே அப்பா பெயர், அதே தெரு. பார்ட்னர்ஷிப்பில் டின் கிடையாது. "வழக்கு நிலுவையில் உள்ளவர்" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பையன் அலுவலகத்துக்கு வந்தான், முப்பது வயது இருக்கும். பழைய ரேஷன் கார்டையும் தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும் என் மேஜை மேல் வைத்தான். வழக்கு தொடுத்த காலத்தில் அவன் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஆர்டர் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அவன் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "அக்கா, இது எங்க தாத்தா" என்று மட்டும்தான் சொன்னான். அன்றிலிருந்து பிறந்த வருடம் கையில் இல்லாமல் "ஒரே ஆள்" என்ற வார்த்தையை நான் எழுதுவதில்லை.

ஈரோடு, பொறியியல் கல்லூரி விரிவுரையாளர்: மேடம், என் பெயரைப் போட்டுத் தேடினால் 14 காப்புரிமை காட்டுகிறது. என்னுடையது இரண்டுதான். கல்லூரி இணையப் பக்கத்திலும் 14 என்றே ஏற்றிவிட்டார்கள். எதிர்காலத்தில் சிக்கல் வருமா?

வரும். முதல் வேலையாகக் கல்லூரிக்கு எழுதி அதைத் திருத்தச் சொல்லுங்கள். இன்னொருவரின் உழைப்பு உங்கள் பெயரில் நிற்கிறது, உங்கள் தவறு இல்லாமலே.

தேடுபொறிக்கு எழுத்துதான் தெரியும், ஆளைத் தெரியாது. கம்பெனி இயக்குநருக்கு டின் இருப்பது போல, கண்டுபிடிப்பாளருக்கு என்று ஓர் அடையாள எண் நம் காப்புரிமை அலுவலகத்தில் கிடையாது. அதனால் பட்டியல் போடும்போது பெயரை நம்பாமல் விண்ணப்ப எண்ணைப் போடுங்கள். 2016 முதல் அது 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டு. ஐந்தாவது இலக்கம் அலுவலகம்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாவது விண்ணப்ப வகை, சாதாரணத்துக்கு 1. அதாவது கிண்டி அலுவலகத்தில் 2019இல் போட்ட சாதாரண விண்ணப்பம் 201941 என்று தொடங்கும். அதற்கு முந்தையவற்றில் எண்ணுக்கும் வருடத்துக்கும் நடுவில் சிஎச்இ என்றும், இன்னும் பழையவற்றில் எம்ஏஎஸ் என்றும் இருக்கும். மெட்ராஸ் என்பதன் சுருக்கம் அது.

மற்ற 12 யாருடையவை என்று பிரிக்க, ஒவ்வொன்றிலும் படிவம் 1ஐ, அதாவது விண்ணப்பப் படிவத்தை, திறந்து பாருங்கள். கண்டுபிடிப்பாளர் முகவரி அதில் இருக்கும். கூட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் யார் என்று பாருங்கள். ஒரே குழு திரும்பத் திரும்ப வந்தால் அது பெரிய தடயம். துறை வகைக் குறியீடும் உதவும்: எஃப்04டி என்றால் பம்பு, ஏ61கே என்றால் மருந்து. ஆனால் துறை மட்டும் சான்று ஆகாது, துறை மாறுகிற ஆட்கள் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள் சார். உங்கள் இரண்டும் "வெளியிடப்பட்டவை"யா, "வழங்கப்பட்டவை"யா? விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அது காப்புரிமை அலுவலகத்தின் வெள்ளிக்கிழமை இதழில் வந்துவிடும். அது காப்புரிமை கிடைத்ததாக ஆகாது. இரண்டையும் கலந்து எழுதும் பழக்கம் கல்லூரிகளில் நிறைய இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது.

சேலம்: கல்யாணத்துக்கு முன் எஸ். லட்சுமி, பின் கே. லட்சுமி. காப்புரிமை விண்ணப்பம் பழைய பெயரில், கம்பெனி புதிய பெயரில். என்ன செய்வது?

விண்ணப்பத்தில் படிவம் 13 போட்டுத் திருத்தம் கேட்கலாம்மா. கல்யாணச் சான்றிதழ், அரசிதழில் பெயர் மாற்றம் வந்திருந்தால் அது, இரண்டையும் இணையுங்கள். டின் விவரத்தை மாற்ற டிஐஆர்-6. இரண்டிலும் இனிஷியலை விட்டுவிட்டு முழுப் பெயரையே எழுதுங்கள்.

திருச்சி: கடனுக்குப் போனால், தகுதி நீக்கப்பட்ட இயக்குநர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் எந்தக் கம்பெனியிலும் இருந்ததே இல்லை.

கவலைப்படாதீர்கள், இது தீர்கிற விஷயம். தொடர்ந்து மூன்று வருடம் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனிகளின் இயக்குநர்களைக் கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவு ஐந்து வருடத்துக்குத் தகுதி நீக்குகிறது. 2017 செப்டம்பரில் அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் வந்தார்கள். அவ்வளவு பெயரில் உங்கள் பெயர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே டின் இருக்கும். "இந்த டின் என்னுடையது அல்ல, எனக்கு டின்னே கிடையாது" என்று உறுதிமொழி எழுதி, பான் நகலோடு மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கரூர், ஜவுளி: சரக்கு கேட்பவர் ஒரு கடைக்காரர். கம்பெனி இல்லை, அதனால் டின்னும் இல்லை. எதை வைத்துப் பார்ப்பது?

ஜிஎஸ்டி எண்ணை வைத்து. 15 இடம் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தில் பி (P) என்றால் தனிநபர், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி. தனிநபராக இருந்தால் ஏழாவது எழுத்து, அவர் பானில் கடைசிப் பெயராகக் கொடுத்ததன் முதல் எழுத்து. நம்மவர்களில் பலருக்கு அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும்.

ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் கடைப் பெயரும் சட்டப்படியான பெயரும் தனித்தனியாக வரும். இப்போது இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். ஒன்று கரூர், ஒன்று பெங்களூர் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள பத்தும் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றுதான், சந்தேகமே வேண்டாம். எனக்குத் தெரிந்து இவ்வளவு சுலபமாக உறுதி சொல்கிற இடம் வேறு இல்லை.

லண்டன்: இங்கே உள்ள கம்பெனிப் பதிவில் எங்கள் சித்தப்பா பெயரில் இரண்டு தனிப் பக்கங்கள் இருக்கின்றன. இரண்டும் அவர்தானா?

பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் தளம் இலவசம். இயக்குநரின் பிறந்த மாதமும் வருடமும் அதில் தெரியும். தேதியை 2015 முதல் மறைத்துவிட்டார்கள். மாதமும் வருடமும் வேறாக இருந்தால் வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளலாம், தட்டச்சுப் பிழையாக இல்லாத வரை. ஒன்றாக இருந்தால் முகவரியையும் பாருங்கள். ஒரே ஆள், ஒரு கம்பெனியில் நடுப்பெயரோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் எழுதியிருந்தால் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பது சகஜம்.

அமெரிக்கா, மென்பொருள்: இங்கே காப்புரிமையில் பெயருடன் ஊர் மட்டும்தான் இருக்கிறது.

ஆமாம், முழு முகவரி அச்சாகாது. பேட்டன்ட்ஸ்வியூ என்ற திட்டம் 1976 முதல் வழங்கிய காப்புரிமைகளை எடுத்து, ஊர், உடன் கண்டுபிடித்தவர், நிறுவனம், துறை ஆகியவற்றை வைத்து ஆளைக் கணித்துச் சேர்க்கிறது. கணிப்புதான், சான்று இல்லை. நம் பெயர்களில் எது தன் பெயர், எது அப்பா பெயர் என்று படிவத்தில் மாறி மாறி விழுவதால் இரண்டு வரிசையிலும் தேடுங்கள். அச்சிட்ட தாளில் (72) என்ற எண்ணுக்கு எதிரில் இருப்பவர் கண்டுபிடிப்பாளர், (73) உரிமையாளர். வேலை பார்க்கும் கம்பெனி 73இல் இருந்தால் உரிமை கம்பெனிக்குத்தான். உங்கள் பெயர் 72இல் இருப்பதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

பொள்ளாச்சி: எங்கள் தாத்தா 1960களில் பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். பெயரின் முடிவில் நாயுடு. தேடினால் ஜி.டி. நாயுடு பற்றியே வருகிறது.

வரத்தான் செய்யும். ஜி.டி. நாயுடு (1893–1974) பெயர் அவ்வளவு பெரியது. கோவைப் பகுதியில் பம்பும் மோட்டாரும் செய்த நாயுடுகள் பலர். பதிவில் நாயுடு கடைசிப் பெயராக ஏறிவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவார்கள். உங்கள் தாத்தா காலத்தில் 1911 சட்டம்தான். இப்போதுள்ள 1970 சட்டம் 1972 ஏப்ரல் 20இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் இன்றைய எண் முறையில் தேடிப் பயனில்லை. வீட்டில் பழைய பெட்டியில் காப்புரிமைப் பத்திரமோ கட்டண ரசீதோ இருக்கிறதா பாருங்கள், அதில் எண் இருக்கும். எண் கிடைத்தால் அந்த விவரக்குறிப்பின் தலைப்பைப் பாருங்கள்: விண்ணப்பித்தவர் பெயரும் முகவரியும் அங்கே இருக்கும். அந்த முகவரியை உங்கள் வீட்டு மூலப் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள். எண் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், கூட உட்கார்ந்து தேடித் தருகிறேன்.