கருத்துக்கணிப்பில் கேள்வியின் வாசகம் மாறினால் பதிலும் மாறுமா?

வேளச்சேரியில் வீடு வீடாகப் போய், "குடிநீர் சுத்தமாகவும் நேரத்துக்கும் வருகிறதா?" என்று கேட்டால் போதுமா என்கிறீர்கள். போதாது. அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்த வீட்டம்மா என்ன சொல்வார்? "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் பாதி தவறாகத்தான் பதிவாகும். இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

வாசகத்தின் வலிமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் டொனால்டு ரக் என்பவர் 1941இல் வெளியிட்ட சோதனை அது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டபோது, கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான்.

"ஆமாம், இல்லை" வடிவத்தைக் கூடுமானவரை தவிர்ப்பதே நல்லது. கேள்வி கேட்க வெயிலில் வந்து நிற்கும் பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றே பலர் ஆமாம் சொல்லிவிடுவார்கள். "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வந்தது?" என்று எண்ணாகக் கேளுங்கள். "அடிக்கடி", "எப்போதாவது" வேண்டவே வேண்டாம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவருக்கும் மாடியில் தொட்டி வைத்திருப்பவருக்கும் "அடிக்கடி" ஒன்றல்ல.

விடைகளின் வரிசையும் பார்க்க வேண்டியதுதான். வாசித்துக் காட்டினால் கடைசியில் கேட்டதையும், தாளில் கொடுத்தால் முதலில் கண்டதையும் தேர்ந்தெடுக்கும் போக்கு உண்டு. ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள். "தெரியாது" என்பதற்கும் ஒரு கட்டம் விடுங்கள்.

கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் சில வீடுகளில் கேட்டுப் பார்த்து, கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.