அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. ஊர் கருங்கல் பக்கம். கல்ஃபில் வெல்டராக இருந்தேன். ஆகஸ்டில் வேலை போய்விட்டது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். ரப்பர் பால்வெட்டி எங்களை வளர்த்தவர். போன வருடம் நெஞ்சுவலி வந்து தேறியவர். என் சம்பளத்தை நம்பி, மாடி எடுக்க நிலப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகிறார்.

கிறிஸ்து அரசர் திருநாளன்று பாடகர் குழுவில் நின்றேன். உண்மைக்குச் சான்று பகர வந்த அரசர் என்று பிரசங்கத்தில் கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனித தேவசகாயம் கல்லறை முன் முழந்தாளிட்டேன், செபமே வரவில்லை. உயிர் போனாலும் கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து அவர் பின்வாங்கவில்லை. நான்? ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டுமா? அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தூக்கமே இல்லை.

அன்புத் தம்பி,

முதலில் தேவசகாயத்தோடு உங்களை அளந்து பார்க்காதீர்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்படுவதற்கு முன் சுமார் மூன்று வருடம் சிறையிலும் சித்திரவதையிலும் கிடந்தவர் அவர். உங்கள் முன்னால் நிற்பது அப்பா. அவர் முகம் வாடிப்போகுமே என்கிற பயமும் லேசானதல்ல.

'நீ அரசனா?' என்று தம்மை விசாரித்த ரோமை ஆளுநர் பிலாத்து கேட்டபோது, உண்மைக்குச் சான்று பகரவே பிறந்தேன் என்றார் இயேசு. சற்று நேரத்தில் அதே பிலாத்து, 'நீ எங்கிருந்து வந்தவன்?' என்று கேட்டபோது பதிலே சொல்லவில்லை. யோவான் நற்செய்தியின் 18, 19 அதிகாரங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் அது. எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. டீக்கடையில் 'எப்போ திரும்பப் போறே?' என்று கேட்டால், 'இப்போதைக்கு இல்லண்ணே' போதும். அதில் பொய் கிடையாது.

அப்பா விஷயம் வேறு. உங்கள் வார்த்தையை நம்பித்தான் நிலத்தை வைக்கப் போகிறார். அவர் நெஞ்சைக் காக்க மறைக்கிறேன் என்கிறீர்கள். சரி. சம்பாதிக்கிற மகன் என்ற பெயரைக் காப்பதும் அதில் கொஞ்சம் இருக்கிறதல்லவா? கோபப்படாதீர்கள். முள்முடியோடு நின்ற அரசர் முன் வேலை இழந்தவனாக நிற்பதில் என்ன வெட்கம்?

அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பால்வெட்டு முடித்து, கஞ்சி குடித்து அவர் திண்ணையில் உட்காரும் நேரம் மனைவியோடு போங்கள். "அப்பா, ஆகஸ்டிலேயே வேலை போச்சு. சொல்லப் பயந்துட்டேன். மாடி இப்போ வேண்டாம்." இவ்வளவுதான். திட்டினால் திட்டட்டும், எழுந்து போய்விடாதீர்கள்.

அப்புறமும் தூக்கம் வரவில்லையென்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வருமுன் அப்பாவிடம் பேசிவிடுங்கள் தம்பி.