பக்கத்து மனையில் ஐந்து மாடி: டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

கேள்வி: நங்கநல்லூரில் 31 வருடமாகத் தனி வீட்டில் இருக்கிறோம். பக்கத்தில் இருந்த இரண்டு பழைய வீடுகளை வாங்கி இடித்துவிட்டு, ஸ்டில்ட் (வண்டி நிறுத்த, தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) போட்டு மேலே ஐந்து மாடி, மொத்தம் 20 ஃப்ளாட் கட்டப்போகிறார்களாம். எங்கள் தெருவே 20 அடிதான். எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. பழைய வீடுகளை இடித்தபோதே எங்கள் மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டுவிட்டது. இனி வெளிச்சம் போகும், கிணறு வற்றும், யார் யாரோ குடிவருவார்கள். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம். பில்டரிடம் கேட்டால் "அப்ரூவல் இருக்கு" என்கிறார். என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை

பதில்: அம்மா, உங்கள் கோபத்தில் பாதி "எங்களைக் கேட்கவில்லையே" என்பதுதான். அதை முதலில் பேசிவிடுவோம். கேட்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. இங்கிலாந்தில் ஒருவர் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தால், அந்த ஊர் கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவித்து, கருத்துச் சொல்ல 21 நாள் தருகிறது. நம்முடைய 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சாதாரண கட்டட அனுமதிக்கு அப்படி ஒரு படியே கிடையாது. விண்ணப்பம் விதிகளுக்குள் இருந்தால் அனுமதி, அவ்வளவுதான். இது சரியில்லை என்பது என் கருத்தும்தான். ஆனால் உங்கள் மனு அந்த வருத்தத்தின்மேல் நின்றால் எந்த அதிகாரியும் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்.

அதே மாதிரி, "யார் யாரோ குடிவருவார்கள்" என்ற வரியை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கும் வீடு வேண்டும். நம் பிள்ளைகளும் இன்னொரு தெருவில் இப்படி ஒரு ஃப்ளாட்டில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த ஒரு வரி இருந்தால் மீதி மனுவும் பொறாமை மாதிரித் தெரியும்.

சரி, எது எடுபடும்? தெருவின் அகலம். ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும் சேர்ந்தால் உயரம் 12 மீட்டரைத் தாண்டிவிடும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 12 மீட்டருக்கு மேல் 18.30 மீட்டர் வரையிலான கட்டடங்களுக்கு 9 மீட்டர் சாலை கேட்டன. 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய 30 அடி. உங்கள் தெரு 20 அடி. இந்த விதிகளில் அடிக்கடி திருத்தம் வருகிறது. ஆகவே "இது விதிமீறல்" என்று அடித்து எழுதாமல், "சாலையின் அகலம் எவ்வளவு என்று காட்டி இந்த அனுமதி வாங்கப்பட்டது, அந்த அகலம் இடத்தில் இருக்கிறதா" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் எழுதுவது கஷ்டம்.

அளப்பதற்கு நீங்களே போகலாம். கொத்தனாரிடம் இருக்கிற 30 மீட்டர் டேப் போதும். மனைக்கு எதிரே ஒரு அளவு, தெரு முக்கில் ஒரு அளவு, இடையில் டிரான்ஸ்ஃபார்மரோ பிள்ளையார் கோவிலோ துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு அளவு. டேப் தெரிகிற மாதிரி படம் எடுங்கள்.

பில்டர் காட்டாத பிளானைப் பார்க்கவும் வழி இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பதென்றால் ரெராவில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு செய்தாக வேண்டும். உங்கள் பக்கத்து மனையில் இருபது வீடு. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடிப் பாருங்கள், திட்ட அனுமதி எண்ணும் வரைபடமும் அங்கே கிடைக்க வேண்டும். பதிவே இல்லாமல் ஃப்ளாட் விற்க விளம்பரம் செய்தால் அதுவே தனிப் புகார். அங்கே கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். எட்டு வீட்டுக்கு மேல் போவதால் திட்ட அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மாநகராட்சி தருவது அதற்குப் பிறகான கட்டட அனுமதி. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். கவுன்சிலருக்குக் கொடுத்ததில் தப்பில்லை, ஆனால் பிளானை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இன்னொன்று. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதி பெற்ற பிளானை இடத்திலேயே பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பலகை இல்லையென்றால் அதையும் படம் எடுத்து மனுவோடு சேருங்கள்.

"அப்ரூவல் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடிக் கட்டடத்துக்கும் அப்ரூவல் இருந்தது. காகிதத்தில் இருப்பதுதான் மண்ணில் எழும்புகிறதா என்று பார்க்க அக்கம்பக்கத்துக் கண்ணைவிட நல்ல கண் கிடையாது. அஸ்திவாரம் போட்டு முதல் வரிசைத் தூண் கம்பிகள் எழும்பும்போதே செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் விட வேண்டிய இடைவெளி) தெரிந்துவிடும். உங்கள் காம்பவுண்டுச் சுவரிலிருந்து அந்தக் கம்பி வரைக்கும் எவ்வளவு என்று உங்கள் பக்கமிருந்தே பார்த்துவிடலாம். பிளானில் உள்ள பக்கவாட்டு இடைவெளியோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அன்றே எழுதுங்கள்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், மாடி ஏறியபிறகு நம் ஊரில் எதுவும் இறங்குவதில்லை. அனுமதியில்லாத, மீறிய கட்டடங்களை ஒருமுறை மட்டும் வரன்முறைப்படுத்துகிறோம் என்று அந்த 1971 சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்குத்தான் என்றார்கள். அப்புறம் 113-சி வந்து 2007 ஜூலை 1 வரைக்கும் நீட்டிவிட்டது. அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தாலும், கட்டியவர் அரசிடம் சீராய்வு மனு போடலாம். அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

விரிசலுக்கு வருகிறேன், பணம் சம்பந்தப்பட்டது அதுதான். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அடுத்த தேதி. வீடு முழுக்க, தரை, தளம், கிணற்று உறை எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், அஸ்திவாரத்துக்கு ஆழத் துளையிடும் பைலிங் இயந்திரம் வருவதற்கு முன்னால். பதிவுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி அறிக்கை வாங்கி, அதை பில்டருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீலக் கோடு வந்ததே என்று நம்பி இருக்காதீர்கள்.

வெளிச்சம்: வசதியுரிமைச் சட்டத்தின்படி 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்த ஜன்னல் வெளிச்சத்துக்கு உரிமை கோரலாம். உங்களுக்கு 31 வருடம், கணக்கில் ஜெயிக்கிறீர்கள். ஆனால் கொஞ்சம் மங்குகிறது என்றால் போதாது, கணிசமாகக் குறைகிறது என்று சிவில் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். கிணற்றைப் பற்றி ஒரே வரி: தனியாக நிற்காத வாதம், மழைநீர் சேகரிப்பு பிளானில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அதைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தெருவே சேர்ந்து ஒரு வழக்கறிஞரை வைத்தால் செலவு பிரிந்துவிடும். அதற்கு முன்னால் பில்டரை ஒருமுறை தெருவுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். இரவு வேலை கூடாது, மணல் லாரி தெருவில் நிற்கக் கூடாது, ஸ்டில்ட்டை பார்க்கிங்காக மட்டும் வைக்க வேண்டும், விரிசலைச் சரிசெய்து தர வேண்டும். நியாயமான ஆளாக இருந்தால் இந்த நாலையும் எழுத்தில் கொடுத்துவிடுவார். பார்க்கிங் விஷயத்தைப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். 20 வீட்டுக்கு வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் அத்தனையும் உங்கள் 20 அடி தெருவில்தான் நிற்கும்.