ஒன்றே ஒன்று செய்த போர் விமானம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த மார்ட்டின்-பேக்கர் எம்.பி.5 அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பிஸ்டன் போர் விமானம் என்கிறார்கள். அப்புறம் ஏன் ஐயா ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள்?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, குறை விமானத்தில் இல்லை, அது வந்த நேரத்தில். எம்.பி.5 முதலில் பறந்தது 1944 மே 23. ஜூலையிலேயே க்ளாஸ்டர் மீட்டியர் ஜெட் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்துவிட்டது. வேகத்தைப் பார்த்தால் எம்.பி.5 மணிக்கு 740 கிலோமீட்டர், முதல் மீட்டியர் 670 சொச்சம்தான். ஆனால் ஜெட் இன்னும் வளரும், பிஸ்டன் இதற்கு மேல் போகாது என்பது தெரிந்துபோயிற்று. ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் என்ற பிஸ்டன் போர் விமானங்களே வரிசையாக வந்துகொண்டிருந்தபோது ஒரு சின்னக் கம்பெனிக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

கே.புதூர் சிட்கோ பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள்: கை டிரில்லிங் மெஷினில் பிட் இரும்பில் சிக்கினால் மணிக்கட்டையே முறுக்கிவிடும். ஒற்றைப் புரொப்பெல்லரும் விமானத்தை அப்படித்தான் ஒரு பக்கம் இழுக்கும். எம்.பி.5-ல் இருந்தது 2,340 குதிரைத்திறன் கிரிஃபன் என்ஜின். அதனால் மூக்கில் இரண்டு புரொப்பெல்லர் வைத்து எதிரெதிராகச் சுற்றவிட்டார்கள். இழுப்பு போயிற்று.

விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன் நான். எனக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒழுகும் ஒரு குழாயின் கிளிப்பை இறுக்க, குறுக்கே நிற்கும் நாலு பாகத்தைக் கழற்றி, விரல் நுனியில் ஸ்பேனரைப் பிடித்துத் தடவிக்கொண்டிருப்போம். இந்த விமானத்தை வடிவமைத்த ஜேம்ஸ் மார்ட்டின் எம்.பி.5-ன் உடலுக்குச் சட்டென்று கழற்றும் தகடுகளைப் போட்டார். திறந்தால் கை நேராக உள்ளே போகும். பரிசோதித்த அதிகாரிகளும் இதைத்தான் மெச்சினார்கள். பழுது பார்ப்பவனை மனதில் வைத்து வரைபடம் போட்டவர் பெரிய என்ஜினியர், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இதற்கு முந்தைய எம்.பி.3-ஐ 1942 செப்டம்பர் 12 அன்று ஓட்டியவர் மார்ட்டினின் கூட்டாளி வாலன்டைன் பேக்கர். மேலே எழும்பியதுமே என்ஜின் நின்றது. வயலில் இறக்கப் பார்த்தார், உயிர் போய்விட்டது. அந்தச் சாவு மார்ட்டினை உலுக்கியது. விமானியைக் காப்பாற்றுவதே அவருடைய வேலையாயிற்று. 1946 ஜூலையில் பறக்கும் மீட்டியரிலிருந்து கம்பெனி ஊழியர் பெர்னார்ட் லிஞ்சை, சோதனையாக, மார்ட்டினின் எஜெக்‌ஷன் இருக்கை பத்திரமாக வெளியே தூக்கிவிட்டது. நம் தேஜஸில் இருப்பதும் மார்ட்டின்-பேக்கர் இருக்கைதான்.

கேள்வி: எம்.பி.5-ஐ இப்போது எங்கே பார்க்கலாம்?
– வாசகி, மேலூர்

பதில்: பார்க்க முடியாதம்மா, யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. அந்தக் கம்பெனியின் இருக்கை பொருத்திய நம் மாருத் விமானம் பெங்களூரு ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.