விசா முடிந்துவிட்டது, பிஆர் கார்டும் முடியப்போகிறது: டெட்ராய்டிலிருந்து கனடா போய்த் திரும்பலாமா?

ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி, சுருக்கமாக:

"இந்திய பாஸ்போர்ட், கனடா பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அல்ல, நிரந்தரமாக வசிக்கும் அனுமதி). 2021 ஆகஸ்ட் நடுவில் கனடாவில் இறங்கி, ஒன்றரை வருடம் மிசிசாகாவில் வேலை பார்த்தேன். இடையில் 2022-இல் 40 நாள் ஊருக்குப் போய்வந்தேன். 2023 பிப்ரவரியில் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா கிடைத்து டெட்ராய்ட் பக்கம் வந்துவிட்டேன். மனைவியும் மகளும் மிசிசாகாவிலேயே இருக்கிறார்கள், மாதம் ஒரு தடவை போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவேன். போன செப்டம்பரில் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முடிந்தது. கம்பெனி 2028 வரை எக்ஸ்டென்ஷன் வாங்கித் தந்துவிட்டது, ஆனாலும் பயத்தில் அதற்குப் பிறகு எல்லை தாண்டவில்லை. பிப்ரவரியில் அம்மா ஊரிலிருந்து வருகிறார், பத்து நாள் போக வேண்டும். திரும்பி வர விடுவார்களா? பிஆர் கார்டு இந்த ஆகஸ்டில் முடிகிறது, கனடா பக்கம் அதைப் பிடுங்கிக்கொள்வார்களா? பிஆர் இருந்தாலே டிஎன் என்ற அமெரிக்க வேலை அனுமதிக்கு மாறிவிடலாம் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார், உண்மையா?"

அம்மாவைப் பார்க்கப் போய்வாருங்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காகிதங்களைச் சரியாக எடுத்துப்போனால் திரும்பி வர வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளை விட, கேட்காமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் கண் விசாவிலும் கார்டிலும் அச்சடித்திருக்கும் தேதிகளில் நிற்கிறது. உங்களைக் காப்பதும் கவிழ்ப்பதும் வேறு இரண்டு விஷயங்கள்: அமெரிக்காவில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, கனடாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற 730 நாள் கணக்கு.

டிஎன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நண்பர் சொன்னது தவறு. டிஎன் கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டும்தான், பிஆர் போதாது. ஒரு காலத்தில் கனடாவில் பிஆர் வைத்திருந்த காமன்வெல்த் நாட்டவர்கள் விசா இல்லாமலே அமெரிக்கா போய்வர முடிந்தது, அந்தச் சலுகை 2003-இல் போய்விட்டது. இன்றைக்கு அமெரிக்க எல்லையில் உங்கள் கனடா பிஆருக்கு எந்தத் தனி மதிப்பும் இல்லை, அங்கே நீங்கள் எச்-1பி வைத்திருக்கும் இந்தியக் குடிமகன், அவ்வளவுதான். நெக்சஸ் கார்டு இருந்தாலும் இதேதான், அது வரிசையைச் சுருக்கும், விசாவுக்கு ஈடாகாது.

இப்போது திரும்பி வருவது பற்றி. விசா என்பது வாசலில் நின்று உள்ளே வரக் கேட்பதற்கான அனுமதி. உள்ளே எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. அதனால்தான் விசா முடிந்த பிறகும் நீங்கள் சட்டப்படி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே போனால் மறுபடி வாசல் வருகிறது, அப்போது விசா வேண்டும். ஆனால் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்புகிறவருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன் என்பார்கள். முடிந்துபோன விசாவையே அந்த நுழைவுக்கு மட்டும் செல்லுபடியாகக் கருதுவார்கள். இதற்குத் தனியாக விண்ணப்பமும் கட்டணமும் கிடையாது.

நிபந்தனைகள் கறாரானவை. ஐ-94 உயிரோடு இருக்க வேண்டும், பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், அதே வேலைக்கே திரும்ப வேண்டும், பழைய விசா ரத்து செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது. அந்த 30 நாளுக்குள் வேறு எந்த நாட்டுக்கும் போகக் கூடாது, அதாவது டொரொண்டோவிலிருந்து அப்படியே சென்னைக்கு ஒரு நடை போய்வந்தால் விலக்கு போயிற்று. அமெரிக்கா பயங்கரவாதத்துக்கு ஆதரவளிப்பதாகப் பட்டியலிட்ட நாடுகளின் குடிமக்களுக்கு இது கிடையாது, இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. எல்லாவற்றையும் விடப் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கனடாவில் இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்த விலக்கு அங்கேயே முடிந்தது, விசா கைக்கு வரும்வரை திரும்ப முடியாது. "போகிற போக்கில் விசா ஸ்டாம்பிங்கையும் முடித்துவிடலாமே" என்று இந்தப் பத்து நாள் பயணத்தில் மட்டும் நினைக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன், எக்ஸ்டென்ஷனுக்கு வந்த ஐ-797 ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் ஐ-94 சேர்ந்து வந்திருந்தால் அது ஐ-797ஏ, உங்களுக்கு வேண்டியது அதுதான். இல்லாமல் ஐ-797பி வந்திருந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு உடனே கம்பெனி வக்கீலைக் கூப்பிடுங்கள், அப்போது கேள்வி பயணமே அல்ல, செப்டம்பருக்குப் பிறகு நீங்கள் எந்த அனுமதியில் இருக்கிறீர்கள் என்பது. இன்னொன்றும் சரிபார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒப்புதல் வந்த பிறகு, பழைய விசா முடிவதற்குள், ஒரு தடவையாவது கனடா போய்வந்தீர்களா? அந்த நுழைவில் அதிகாரி பழைய தேதிக்கே புது ஐ-94 போட்டிருக்கக்கூடும். பின்னால் கொடுத்த ஐ-94தான் செல்லும் என்பதே பொதுவான நிலை. அமெரிக்கச் சுங்க, எல்லைத் துறையான சிபிபியின் இணையதளத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். தப்பாக இருந்தால் வக்கீலோடு பேசிவிட்டு, சிபிபியின் டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன் அலுவலகத்தில் திருத்தக் கேளுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் ஐ-94-ஐயும் அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

பாஸ்போர்ட், பழைய விசா, ஐ-797ஏ அசல், ஐ-94 அச்சுப்பிரதி, கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கம்பெனி கடிதம், அந்த விலக்கு விதியின் ஒரு பிரதி, இவ்வளவும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். முடிந்தால் காரில் போங்கள். அம்பாசடர் பாலத்திலோ சுரங்கப் பாதையிலோ இருக்கும் சிபிபி அதிகாரிக்கு இது பழகிய விதி. விமான நிறுவனக் கவுண்டரில் நிற்பவருக்கு முடிந்துபோன விசா மட்டும்தான் கண்ணில் படும், போர்டிங் பாஸ் கொடுக்க மறுத்தால் நீங்கள் அதிகாரியைப் பார்க்கவே முடியாது. திரும்பி வந்ததும் ஐ-94-ஐ மறுபடி பாருங்கள்.

எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: வேலையும் வாடகை வீடும் மிச்சிகனில், குடும்பம் ஒன்டாரியோவில். எச்-1பிக்கு வெளிநாட்டில் வீடு இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை, இருக்கக் கூடாது என்ற விதியும் இல்லை. அதனால் மறைக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் கனடா பக்கம். பிஆர் கார்டு முடிவதால் பிஆர் முடியாது. கார்டு என்பது விமானம், பஸ், ரயிலில் ஏறக் காட்டும் சான்று. சொந்தக் காரில் எல்லைக்கு வருகிற பிஆர், கார்டு முடிந்திருந்தாலும் தன் நிலையை நிரூபித்தால் உள்ளே வரும் உரிமை உள்ளவர். கார்டு முடிந்த பிறகு வெளியிலிருந்து விமானம், பஸ், ரயிலில் வருவதென்றால்தான் பிஆர்டிடி என்ற தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். அந்த ஆவணம் மறுக்கப்பட்டால் வேறு தலைவலி, 60 நாளுக்குள் அப்பீல் போக வேண்டியிருக்கும். உங்கள் கார்டு ஆகஸ்ட் வரை இருப்பதால் பிப்ரவரி பயணத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

எல்லையில் கனடா எல்லைத் துறையான சிபிஎஸ்ஏவின் அதிகாரி பார்க்கக்கூடியது நாள் கணக்கை. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாளில் கொஞ்ச நேரம் இருந்தாலும் அது முழு நாளாகச் சேரும், ஆகவே வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு போனால் மூன்று நாள். இந்தக் கணக்கில் மழுப்ப முடியாது. இரண்டு நாடுகளும் தரைவழி எல்லைத் தகவலைப் பல வருடமாகப் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு பக்கம் நுழைந்த பதிவே இன்னொரு பக்கம் வெளியேறிய பதிவு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2021 ஆகஸ்ட் நடுவிலிருந்து 2023 பிப்ரவரி வரை சுமார் 540 நாள், ஊருக்குப் போன 40 போனால் 500. அதன் பிறகு செப்டம்பர் வரை மாதம் மூன்று நாள் என்றால் 90 சொச்சம். ஆக ஏறக்குறைய 593. பிஆர் ஆகி ஐந்து வருடம் நிறையாதவருக்கு, மீதி நாட்களையும் சேர்த்து 730-ஐ எட்ட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவு வரை 210 நாள் இருக்கிறது, அதைச் சேர்த்தால் 800-ஐத் தாண்டுகிறீர்கள். எனவே பிப்ரவரியில் எல்லையில் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

நான் கவலைப்படுவது ஆகஸ்டைப் பற்றி. அம்மாவோடு இருக்கும் பத்து நாளைச் சேர்த்தால் 603. அது போக, ஆகஸ்ட் நடுவு வரை மீதி 29 வாரமும் ஒன்று விடாமல் வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்பினாலும் 87 நாள்தான் கிடைக்கும், மொத்தம் 690. நாற்பது நாள் குறைகிறது. அதோடு நிற்காது. ஐந்து வருடம் நிறைந்த நாளிலிருந்து, எந்தத் தேதியில் உங்களைப் பரிசோதிக்கிறார்களோ அதற்கு முந்தைய ஐந்து வருடத்தை மட்டும் எண்ணுவார்கள். நீங்கள் மிசிசாகாவில் முழுசாக இருந்த அந்த 2021, 2022 நாட்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் உதிர ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஏழு நாள் உதிரும்போது வார இறுதியில் மூன்று நாள்தான் சேரும். மாதம் ஒரு தடவை போய்வருவது போதும் என்று நிம்மதியாக இருந்த குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நிலை தடுமாறுகின்றன, ஏனென்றால் முதல் நாலு வருடம் எல்லாம் சரியாகவே தெரியும்.

யோசிக்க வேண்டிய தீர்வு ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கு ஆற்றின் அக்கரையிலேயே இருக்கிறது. குடும்பத்தோடு வின்ட்சருக்கு வீடு மாறி, தினமும் டெட்ராய்ட் போய் வேலை பார்க்கலாம். எச்-1பியில் கனடாவில் குடியிருந்துகொண்டு அமெரிக்காவில் வேலை செய்யத் தடையில்லை, வின்ட்சரில் பலர் இப்படித்தான் நாள்தோறும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். வின்ட்சரில் தூங்கி எழுகிற ஒவ்வொரு நாளும் கனடா நாள்தான், எட்டு மணி நேரம் டெட்ராய்டில் வேலை பார்த்தாலும். ஏப்ரல் முதல் தேதிக்குள் குடிபோனால் ஆகஸ்ட் நடுவுக்குள் 136 நாள் சேரும். 603-உம் 136-உம் 739. பிப்ரவரி, மார்ச் வார இறுதிகளையும் சேர்த்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதற்குப் பிறகு ஏழு நாள் உதிர்ந்தால் ஏழு நாள் சேரும். மகள் பள்ளி மாற வேண்டும், மனைவி வேலையில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும், அது சின்ன விஷயமில்லை என்று தெரியும். ஆனாலும் நாலு மணி நேரக் கார் பயணத்துக்கு அப்பால் மகள் வளர்வதை விட இது நல்லது என்றே நினைக்கிறேன்.

தினமும் கடப்பதற்கு அந்த 30 நாள் விலக்கை நம்பி ஓட்ட முடியாது, புது விசா வாங்கிவிட வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து, தன் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசா நேர்காணலுக்குப் போக வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை சொல்லிவிட்டது. வெறும் பிஆர் கார்டைக் காட்டுவதை விட, வின்ட்சர் வீட்டு ஒப்பந்தமும் மகளின் பள்ளிக் கடிதமும் சேர்ந்தால் நீங்கள் கனடாவில் வசிப்பவர் என்பது உறுதியாகும். ஆகவே வீடு மாறிய பிறகு டொரொண்டோவில் நேர்காணல் போடுங்கள். 221(ஜி) என்று கூடுதல் பரிசீலனைக்குப் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கலாம். மற்ற எச்-1பிக்காரர்கள் அப்போது ஹோட்டலில் தவிப்பார்கள், நீங்கள் சட்டப்படி உங்கள் வீட்டில் இருப்பீர்கள். பிஆர் உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். அந்த வாரங்களில் வின்ட்சரிலிருந்து கணினியில் வேலை பார்க்கலாமா என்பதைக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கனடாவில் வசிப்பவராகிவிட்டால் அமெரிக்கச் சம்பளத்தையும் கனடாவில் கணக்குக் காட்ட வேண்டும், அமெரிக்காவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், இரண்டு நாட்டுக் கணக்கும் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் வேண்டும்.

கார்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கனடாவில் இருந்துகொண்டே போடுங்கள், கார்டும் கனடா முகவரிக்குத்தான் வரும்.

ஒருவேளை வீடு மாற முடியாமல், ஆகஸ்டுக்குப் பிறகு நாள் குறைந்த நிலையில் எல்லைக்கு வந்தீர்கள் என்றால், அதிகாரி அந்த இடத்திலேயே பிஆரைப் பறிக்க முடியாது. அறிக்கை எழுதலாம், அதன் பேரில் வெளியேற்ற உத்தரவு வரலாம், அதை எதிர்த்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம், முடிவு வரும்வரை நீங்கள் பிஆர்தான். மகளின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களையும் அங்கே எடுத்துச் சொல்லலாம். பிஆரைத் தாமாகவே கைவிடுவதாக ஒரு படிவம் உண்டு, சோர்ந்துபோன நேரத்தில் "சீக்கிரம் போனால் சரி" என்று அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிப்ரவரியில் கிளம்புவதற்கு முன், இன்று இரவே அந்த ஐ-94-ஐப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தேதி 2028 என்று இருந்தால் அம்மாவுக்குத் தேதி சொல்லிவிடலாம்.