அப்பாவின் அப்புக்குட்டி

அன்புள்ள அண்ணா,

பின்னேரம் வயலால் வந்து குளித்துவிட்டு இருந்தாரென்றால், அப்பா மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று குரலை மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவார். 'கோமாளிகள்' என்று படமும் வந்தது என்பார். அது என்ன படம்? நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு பகிடிக் குறும்படம் எடுக்க யோசிக்கிறோம். "எங்கட சனம் பட்ட பாட்டுக்கு இப்ப பகிடியோ?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பா பேசிக் காட்டுவது படத்துக்கும் முந்திய சங்கதி. இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் போனது. அதுதான் 1976 இல் எஸ். ராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' ஆனது. 1978 இல் 'ஏமாளிகள்' வந்தது.

யார் யாராக நடித்தார்கள் என்று பாருங்கள். முஸ்லிம் மரைக்கார், ராமதாஸ். கொச்சைத் தமிழ் பேசும் சிங்களவர் உபாலி, எஸ். செல்வசேகரன். ஐயர், நம் வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத்! யாழ்ப்பாணத்துப் பேச்சோடு வரும் அப்புக்குட்டி, ரி. ராஜகோபால். தமிழர் மரைக்காராகிறார், முஸ்லிம் ஐயராகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சை ஆசையோடு காதில் வாங்கியிருந்தால்தான் அப்படிப் பேச வரும். கதை, காட்சியெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அந்தப் படத்தின் உயிர் இந்த நாலு குரலில்தான் இருக்கிறது.

'கோமாளிகள்' வந்து ஏழு வருஷத்தில், தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரம் வந்தது. ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். ஈழத்துத் தமிழ்ப் படங்களின் பிரதிகள் பலவும் அந்த வன்செயலில் அழிந்தன. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பகிடி மட்டும் பார்த்தால் போதாது. தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று' (1978) இரண்டையும் தேடிப் பாருங்கள். 'வாடைக்காற்று' நம் பக்கத்து மன்னார்ப் பேசாலையில் எடுத்த படம்.

சரி, உங்களைக் கேட்கிறவர்களுக்கு வருகிறேன். சண்டையில் அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை உழைந்தால் குரல் கம்மிப்போகும். உடனே இன்னொருவர் கை மாற்றுவார். செய்திக்கென்றுதான் சுற்றத் தொடங்குவது. செய்தி முடிந்து நாடகம் ஏதாவது வந்தால் ஒருவரும் பெடலை விடமாட்டார்கள். ஷெல் விழுந்த நாட்களிலும் அப்படித்தான் சிரித்தோம். ஆகவே பகிடிப் படத்தைத் தாராளமாக எடுங்கள். விசுவமடுச் சந்தையில் பேசுகிற மாதிரியே பேச விடுங்கள், இந்தியப் படத் தமிழ் வேண்டாம்.

அப்புறம் ஒரு வேலை. சண்டைக் காலத்தில் வன்னியிலேயே குறும்படங்கள் எடுத்தார்கள். ஜெனரேற்றர் போட்டு, வீடியோ டெக் வைத்து, சனம் முற்றத்தில் இருந்து பார்த்தது. 2009 இல் பல கசெற்றுகள் இடம்பெயர்வோடு போய்விட்டன. யார் வீட்டுப் பெட்டியிலாவது ஒன்று கிடந்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். கசெற்றின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் ஓடவிடக் கூடாது. டெக்கின் ஹெட்டும் கெடும், பிறகு அதில் போடுகிற நல்ல கசெற்றிலும் ஒட்டிக்கொள்ளும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிற்றலுக்கு மாற்றுங்கள். எடுத்தவர், நடித்தவர், இடம், வருஷம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அதற்கு முதல் அப்பாவைப் பிடியுங்கள். இன்றைக்குப் பின்னேரமே போனில் பதிவு செய்யுங்கள், பக்கத்தில் ஃபான் ஓட வேண்டாம். நாலு குரலையும் பேசச் சொல்லுங்கள். எங்கிருந்து, யாரோடு இருந்து கேட்டார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா