நூறு வருட வீட்டை இடிக்கும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

கேள்வி: தாத்தா கட்டிய, நூறு வயதைத் தாண்டிய வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர். மர உத்திரக் கூரை. முன்சுவரில் விரிசல், கீழ்த்தளச் சுவர்களில் ஓதம், இரண்டு உத்திரங்களில் கரையான். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், “செலவு செய்வது வீண், இடித்துவிடுங்கள்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஓதத்துக்காகவோ இரண்டு உத்திரங்களில் ஏறிய கரையானுக்காகவோ மட்டும் ஒரு வீட்டை இடிக்கத் தேவையில்லை. முடிவைச் சொல்லப்போவது விரிசல். அதன் அகலத்தைவிட, அது இன்னும் வளர்கிறதா என்பதுதான் முக்கியம்.

விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகாணியைச் சுவரில் பதியுங்கள். அவற்றின் இடைவெளியை மாதம் ஒரு முறை வெர்னியர் காலிப்பரால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கோடை, மழை இரண்டும் கடந்தால்தான் கணக்கு சரியாக வரும். களிமண் நிலம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். அளவு மாறவே இல்லையென்றால், அது என்றோ நடந்து முடிந்த இறக்கம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் குறுக்கே பதித்துத் தைத்து மூடிவிடலாம். பருவத்தோடு திறந்து மூடினால் பக்கத்தில் பெரிய மரமோ உடைந்த வடிகால் குழாயோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே திசையில் அகன்றுகொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது. விரிசல் மேலே அகலமாக இருந்தால் பெரும்பாலும் சுவரின் முனை இறங்கியிருக்கும். கீழே அகலமென்றால் நடுப்பகுதி. எங்கே குழி தோண்டி அஸ்திவாரத்தைப் பார்ப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

விரிசலின் அகலம் 5 மி.மீ. வரை என்றால் பொதுவாகப் பூச்சு வேலையோடு முடியும். 15 மி.மீ. தாண்டினால் சுவரில் சில பகுதிகளைப் பிரித்துக் கட்ட நேரிடும். 25 மி.மீ. தாண்டிய விரிசலுக்கோ, நடுவில் புடைத்து நிற்கும் சுவருக்கோ தலைப்பில் சொன்ன பொறுமை பொருந்தாது. உடனே முட்டுக் கொடுத்துப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். முன்சுவரும் குறுக்குச் சுவரும் சேரும் உள்மூலையில் செங்குத்தாக ஒரு கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முன்சுவர் தனியாகப் பிரிகிறது. தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து, ஆரம்பத்திலேயே எஃகு இழுகம்பி போட்டுக் கட்டினால் நிறுத்திவிடலாம்.

இனி ஓதம். பழைய சுவரின் மேல் யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே ஏறி, உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். பூச்சைத் தட்டினால் டொப்பென்று ஒலிக்கும். பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவாக உதிரும். வெளியே மண் உயர்ந்திருந்தால் வீட்டுத் தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக வெட்டி இறக்குங்கள். மழைநீர்க் குழாய்களைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு சிமென்ட் பூச்சைக் கை உளியால் எடுங்கள். இடிக்கும் இயந்திரம் வைத்தால் நல்ல செங்கல்லும் போகும். சுவரின் 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அவசரப்பட்டு மறுபடி பூசுவதால்தான் பல வேலைகள் கெடுகின்றன. காய்ந்ததும் செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை 20 முதல் 25 மி.மீ. ஆழம் சுரண்டி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடைத்து, அதே கலவையை 10 மி.மீ. அடுக்குகளாகப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

உத்திரம் நடுவில் கெடுவதைவிட, சுவருக்குள் புதைந்த முனையில்தான் அதிகம் கெடும். ஸ்க்ரூடிரைவரை அங்கே அழுத்துங்கள். உள்ளே இறங்காவிட்டால் மரம் தேறும். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கசிவு இன்னும் நிற்கவில்லை. கெட்ட முனையை மட்டும் வெட்டி, புது மரத்தையோ எஃகுத் தகட்டையோ போல்ட் போட்டு இணைக்கலாம். கரையான் மண்ணிலிருந்து ஏறுவதால் மண்ணுக்கும் மருந்து வேண்டும். பழைய மின்கம்பியும் குழாய்களும் எப்படியும் மாற்ற வேண்டியவை. இடிப்பதற்கான வாதத்தில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

செலவுக் கணக்கைப் புதுக்கட்டடம் கட்டிச் சம்பாதிக்கப் போகிறவரிடம் கேட்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். பழுதுபார்ப்புத் தொகையோடு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக ஒதுக்குங்கள். பூச்சை உரித்த பிறகுதான் பாதி சேதம் தெரியும். உள்ளாட்சி அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் அனுமதியின்றி இடிப்பதே குற்றமாகலாம். இடித்தால் புது விதிப்படி எவ்வளவு இடம் விட வேண்டும்? எல்லைவரை நிற்கும் பழைய வீட்டின் பரப்பு புது வீட்டுக்குக் கிடைக்காமல் போகலாம். பலர் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் இதை அறிகிறார்கள்.

எப்போது இடிக்கலாம்? அஸ்திவாரம் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்து, அதைத் தாங்கிப் பிடிக்கும் செலவு கட்டுப்படியாகாதபோது. பாதிக்கு மேல் சுவர்களைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தாலும்தான். அதன் பிறகு மிஞ்சுவது பழைய வீட்டின் நகல். சமையலறை, குளியலறை போதவில்லை என்பதுதான் உண்மைக் குறையென்றால் முன்கட்டை வைத்துக்கொண்டு பின்கட்டை மட்டும் புதிதாக்கலாம்.

இடிப்பதே முடிவென்றால், முதலில் அளவெடுத்து வரைபடமும் புகைப்படமும் எடுத்து வையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயமும், கூரைத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிறதா என்று சோதியுங்கள். மேலிருந்து கீழாகக் கையால் பிரித்தால் மரமும் கதவும் முழுசாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதற்கு முட்டுக் கொடுக்கும் வரை ஒரு செங்கல்லையும் எடுக்கவிடாதீர்கள்.